ரெண்டு ஊசி போட்டவன்

சர்க்கார் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் கேட்டு நடந்த ஆள் அந்த வருஷம் எங்கள் ரத வீதியில் ஒருத்தன் இருந்தான் என்றால் அது நான்தான். ஆடித்தபசு அன்றைக்குக் காலையில் சட்டத்தை மீறியவன் என்று பிடிபட்டதும் நான் ஒருத்தன்தான்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. சங்கரன்கோவிலில் தேர் ஓடுகிற வீதி ஒன்றில் இருந்த சைவ ஓட்டலில் நான் கல்லாவில் உட்கார்ந்துகொண்டிருந்தேன். மூன்றாம் பாரத்தோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அது பெரிய உத்தியோகம். படிப்பு வராமல் நிற்கவில்லை. வாத்தியார் கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியும், சொல்ல வராது. பயம் வந்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். கையை நீட்டச் சொல்லிப் பிரம்பால் அடித்தாலும் சத்தம் வராது. “இவனுக்கு எவ்வளவு திமிர் பாரு, வாயத் தொறக்கானா” என்று அதற்கும் சேர்த்து அடி விழும். கடைசியில் என்னைப் பெற்ற அய்யா வந்து புத்தகத்தோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். திருவேங்கடம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கரிசல் நிலம், மழையை நம்பின நிலம். அங்கே பாம்புக்குப் பயந்து, வெயிலுக்குப் பயந்து, மாடு முட்டுமோ என்று பயந்து, நான் உழுத அழகைப் பார்த்த அய்யா, “எங்கயாவது நிழல்ல உக்காந்து பயப்படு, போ” என்று டவுனுக்கு அனுப்பினார். அப்படிக் கிடைத்ததுதான் கல்லா.

கல்லாவிலும் பயப்பட நிறைய இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே வாந்திபேதி. அந்தப் பேரை வாய்விட்டுச் சொன்னாலே வந்துவிடும் என்று எங்கள் பக்கம் ‘அந்தச் சீக்கு’ என்றுதான் சொல்வார்கள். சின்ன வயதில் எங்கள் கிராமத்தில் அந்தச் சீக்கு வந்து போனதை நான் பார்த்தவன். காலையில் எங்கள் வீட்டு வாசலில் நின்று மோர் கேட்ட ஆள் பொழுது சாயும்போது இல்லை. அவர் குடித்துவிட்டு வைத்த செம்பை அம்மா சாணி போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள், கடைசியில் குழி தோண்டிப் புதைத்தாள். நல்ல பித்தளைச் செம்பு. அன்றிலிருந்து யார் எனக்குத் தண்ணீர் கொடுத்தாலும், இதைக் குடித்தால் என்ன ஆகும் என்றுதான் மனசு முதலில் கேட்கும்.

அந்த ஆடியில் ஜில்லாவில் அங்கங்கே அந்தச் சீக்கு இருக்கிறது என்று பேச்சு. தபசுக்கோ, அம்மன் ஒற்றைக் காலில் தவம் நின்று சாமியைக் கண்ட திருவிழா அது, சுற்றுப்பட்டிச் சனமெல்லாம் வந்து குவியும். பஞ்சாயத்து போர்டிலிருந்து தமுக்கு அடித்துச் சொல்லிவிட்டார்கள். அறுத்த பழம் விற்கக் கூடாது. சர்பத் விற்கக் கூடாது. கிணற்றுக்கெல்லாம் மருந்து போடப்படும். பலகாரத்தை மூடி வைக்க வேண்டும். பலகாரக் கடையில் வேலை செய்கிறவர்கள் வாயில் துணி கட்ட வேண்டும். எல்லோரும் காலரா ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஒருத்தர் போடாவிட்டாலும் அந்தக் கடையைத் தபசு முடியும்வரை அடைத்துவிடுவார்கள்.

துணி விஷயம் முதல் நாளே முடிந்துபோயிற்று. முதலாளி ஒரு வேட்டியைக் கிழித்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். சர்வர்கள் கழுத்தில் கட்டிக்கொண்டார்கள். சரக்கு மாஸ்டர், அதாவது வடை, பூரி, கேசரி போடுகிறவர், வேர்வைக்கு நல்லது என்று தலையில் கட்டிக்கொண்டார். மூக்கையும் சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தவன் நான் ஒருத்தன். வந்தவர்கள் எல்லாம் “தம்பிக்குப் பல்வலியா?” என்று கேட்டார்கள். ஒருத்தர் கிராம்புத் தைலம் வாங்கிக் கொடுத்தார். சாயங்காலம் முதலாளி பக்கத்தில் வந்து குனிந்தார்.

“ஏலே, அத அவுரு. உன்னப் பாத்துட்டு, இங்கன என்னமோ சீக்கு இருக்குன்னு சனம் எதுத்த கடைக்குப் போகுது.”

சீக்கு வராமல் இருக்கக் கட்டின துணி சீக்கு இருப்பதற்கு அடையாளமாகிப் போயிற்று. அவிழ்த்தேன்.

ஊசி விஷயம் அப்படி லேசில் முடியவில்லை. ரயில் ஸ்டேஷனிலும் பஸ் நிற்கிற இடத்திலும் மேஜை போட்டு ஊசி போட்டார்கள். போட்டதும் ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். அது இல்லாமல் பஸ்ஸிலோ ரயிலிலோ ஏற முடியாது. நான் முதல் நாளே போய்ப் போட்டுக்கொண்டேன். திரும்பி வருகிற வழியில் ஒரு சந்தேகம்: ஊசி குத்தும்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தேனே, மருந்து உள்ளே போயிற்றா, வெளியே ஒழுகிற்றா? சட்டைக் கையில் வேறு ஈரமாக இருந்தது. வேர்வையாகவும் இருக்கலாம். இரண்டு நாள் யோசித்துவிட்டு, ஸ்டேஷனில் போட்டது போகட்டும் என்று பஸ் நிற்கிற இடத்துக்குப் போய் இன்னொன்று போட்டுக்கொண்டேன். இந்தத் தடவை கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். அதற்கும் ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். இரண்டையும் மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

ஓட்டலில் மற்றவர்களைக் கொண்டுபோய் நிறுத்துகிற பொறுப்பையும் முதலாளி என் தலையிலேயே கட்டினார்.

“இங்கன நாலு எழுத்துப் படிச்சவன் நீதான். எல்லாப் பயலையும் கூட்டிட்டுப் போய்க் குத்திட்டு வா. தவசு அன்னைக்கு மட்டும் எவனாவது வந்து கடைப் பலகையை அடைச்சான்னு வையி, மறுநா நீ உங்க அய்யாகூடக் கரிசல்ல மாடு பத்தப் போயிரலாம்.”

சர்வர்கள் முனங்கிக்கொண்டே வந்து போட்டுக்கொண்டார்கள். மாவு ஆட்டுகிற ஆள் ஊசியைப் பார்த்துவிட்டு, “இளையரசனேந்தல்ல எங்க மச்சானுக்கு மேலுக்குச் சொகமில்ல” என்று அப்படியே ரோட்டில் நடக்க ஆரம்பித்தவர்தான், தபசு முடிகிற வரை திரும்பவில்லை. அவர் கடையிலேயே இல்லை என்பதால் சட்டப்படி குறை இல்லை. மீதி இருந்தவர் சரக்கு மாஸ்டர்.

மாஸ்டருக்கு ஐம்பதை ஒட்டி வயசு. இடது கைக்காரர். வடை தட்டுவது, திருப்புவது, கரண்டி பிடிப்பது எல்லாம் இடது கைதான். சாப்பிடுகிறவர்கள் கண்ணில் இது பட்டால் இலையை மடக்கிவிட்டு எழுந்துவிடுவார்கள் என்று முதலாளி அடுப்படி வாசலில் கனமாக ஒரு சாக்குப் படுதா போட்டிருந்தார். ஊரே புகழ்ந்து தின்கிற வடை எந்தக் கையிலிருந்து வருகிறது என்று ஊருக்குத் தெரியாது.

“அண்ணாச்சி, இன்னைக்காவது ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வந்துருவமா?” என்பேன் தினமும்.

“எதுக்குலே? யாரும் வாராகளா?”

“ஊசி...”

“ஏலே, வெள்ளைக்காரன் இருந்தப்பக் குத்த வந்தான். ஓடுனேன். இப்ப நம்மாளு குத்த வாரான். நம்மாளுக்கும் ஓடணும்னா அப்புறம் எதுக்குலே கொடி ஏத்தி முட்டாயி குடுத்தாக? இப்ப ஓட மாட்டேன். நின்னுக்கிட்டே மாட்டேம்பேன்.”

“அந்தச் சீக்கு வந்தா?”

“வந்தா எனக்குத்தான வரும்?”

“உமக்கு வந்தா வடை தின்னவனுக்கும் வரும்லா?”

“கொதிக்கிற எண்ணெயில போட்டு எடுக்கேன். அதுல எந்தப் பூச்சி உசுரோட கிடக்கும்? சர்க்கார் பூச்சியா?”

எனக்குத் தெரிந்தது பயம் ஒன்றுதான். மறுபடி கெஞ்சுவேன். ஒருநாள் உண்மைக் காரணத்தைச் சொன்னார். ஊசி போட்டவன் கை இரண்டு நாளைக்குத் தூக்க வராது. ஊசி போடுகிறவரோ சட்டையை மடிக்கும் முன்னாலேயே இடது கையைத்தான் பிடிப்பார். “வலது கையிலே போடும்னு சொல்லுங்க” என்றேன்.

“போடலாம். அப்ப சட்டியை எறக்க எந்தக் கை? எனக்கு இந்த ரெண்டு கைதாம்லே இருக்கு. அது எனக்குள்ளது. தவசுக்கு வாடகைக்குக் குடுத்துட்டு நான் என்ன பண்ணுவேன்?”

“ஒருத்தருக்காகக் கடையை அடைச்சிருவாக அண்ணாச்சி. என் வேலை போயிரும்.”

“நீதான் எனக்கும் சேத்துப் பயப்படுதியே. அது போதும், போ.”

இதற்குள் சீட்டுக் கதை நாறிப்போயிற்று. சீட்டில் பேர் எழுதித்தான் கொடுத்தார்கள். ஆனால் எங்கள் ஊரில் ஆணுக்குச் சாமி பேர், பெண்ணுக்கு அம்மன் பேர். ஒரு தெருவில் நின்று சாமி பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் பாதிப்பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படியிருக்க, ஒருத்தர் ஊசி போட்டுக்கொண்டு சீட்டு வாங்கி வந்தால் அந்தச் சீட்டில் தெருவே பஸ் ஏறி இறங்கலாம். ஏறி இறங்கினார்கள். அப்பா பேரும் சாமி பேராகவே இருந்துவிட்டதால் இனிஷியலும் காட்டிக்கொடுக்கவில்லை.

புதிதாக வந்த சுகாதார இன்ஸ்பெக்டர் வெளியூர்க்காரர். ஒல்லியான ஆள், காக்கித் தொப்பி. ஒரே சீட்டை மூன்று பேர் நீட்டினதைப் பார்த்துவிட்டு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் சீட்டைப் பார்க்கிறதில்லை, கையைப் பார்க்கிறது. ஊசி போட்ட இடம் அமுக்கினால் வலிக்கும். இடது புஜத்தைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு. “ஆ” என்றால் போட்டவன். சும்மா நின்றால் போடாதவன்.

கெட்டிக்கார யோசனைதான். அதை ஒரு தெருவில் செய்துவிட்டு, மீதித் தெருக்களைத் தபசு அன்றைக்கு என்று விட்டதுதான் தப்பு. அன்று சாயங்காலமே எங்கள் வீதி முழுக்க “ஆ” பழகிக்கொண்டிருந்தது. ஜவுளிக்கடைக்காரர் கணக்கப்பிள்ளையின் கையை அமுக்கிப் பார்த்தார். கணக்கப்பிள்ளை முதலாளிக்கு மரியாதையாக “ஆங்” என்றார். “அப்படியில்லவே, அடிவயித்துல இருந்து வரணும்!” வெற்றிலைக்கடைக்காரர் தொடுவதற்கு முன்னாலேயே துள்ளினார். ஒருத்தர் வலது கையைப் பிடித்துக்கொண்டு கத்திவிட்டு, எந்தக் கை என்று அப்புறம் விசாரித்தார். ஊசி போட்டுக்கொள்ள ஆகிற நேரத்தைவிடப் பழக அதிக நேரம் ஆயிற்று. ஆனால் இதை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதால் சந்தோஷமாகச் செய்தார்கள்.

நான் அடுப்படிக்கு ஓடினேன். “அண்ணாச்சி, வழி கிடைச்சிட்டு. இன்ஸ்பெக்டர் அமுக்கும்போது ஒரு ‘ஆ’ போடுங்க, போதும்.”

மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தார். “வலிக்காத கைய வலிக்குதுன்னு சொல்லணுமோ?”

“ஆமா.”

“அம்மன் கோயில் கோபுரம் தெரியுது பாரு இங்கன இருந்து. அதப் பாத்துக்கிட்டுப் பொய் சொல்லச் சொல்லுதியே, நீ வெளங்குவியா?”

ஊசியும் போட மாட்டார், பொய்யும் சொல்ல மாட்டார். ஒரு கொள்கை உள்ள ஆளோடு மல்லுக்கட்டலாம். இரண்டு கொள்கை உள்ள ஆளோடு என்ன செய்வது? அன்றைக்கு ராத்திரி முழுக்க, கரிசலில் மாட்டுக்குப் பின்னால் நான் நடப்பதும், அய்யா வரப்பில் நின்று சிரிப்பதும் கண் முன்னால் வந்தன.

தபசுக்கு முந்தின நாள் இன்னொரு கஷ்டம். மாவு ஆட்டுகிறவர் மச்சானைப் பார்க்கப் போனவர் போனவர்தான். தபசுக்கு வடைக்கும் இட்லிக்கும் உளுந்து மலையாக ஊறிக் கிடக்கிறது. வேறு ஆள் அகப்படவில்லை. மாஸ்டரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்டுரலில் உட்கார்ந்தார். மத்தியானம் தொடங்கி விளக்கு வைக்கிற வரை அந்தக் குழவியை இடது கையால் சுற்றினார், சுற்றினார், சுற்றிக்கொண்டே இருந்தார். ஊசி போட்டால் கை வலிக்கும் என்று போடாதவர், ஊசிக்குப் பயந்து இன்னொருத்தர் ஓடிப்போனதால் கையை ஒடித்துக்கொண்டார். எனக்கு அது அப்போது தோன்றவில்லை. பாவமாகத்தான் இருந்தது. நான் போய்க் கொஞ்சம் தள்ளி விடட்டுமா என்று கேட்டேன். “உன் வேர்வ மாவுல விழுந்தா அதுக்கும் பயப்படுவ, போ” என்றார்.

விடிந்தது. தபசு. கூட்டம் கோயிலைச் சுற்றி ஓட்டமும் நடையுமாக ஆடிச்சுற்று சுற்றிக்கொண்டிருந்தது. கடையைத் திறக்குமுன் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். கூடவே ஊசிப் பெட்டியோடு கம்பவுண்டர், ஸ்பிரிட் விளக்கோடு ஒரு பியூன். எங்களை வரிசையாக நிற்கச் சொன்னார். முதலாளி முகம் வெளிறிப்போயிற்று. என்னைப் பார்த்தார். நான் மாஸ்டரைப் பார்த்தேன். மாஸ்டர் கோபுரத்தைப் பார்த்தார்.

முதல் அமுக்கே மாஸ்டருக்கு. இடது புஜத்தில் கட்டைவிரல் பதிந்ததுதான் தாமதம்.

“எம்ம்ம்மா!”

கடை அதிர்ந்தது. அது பழகின “ஆ” இல்லை. மத்தியானம் தொடங்கி அரைத்த உளுந்து அவ்வளவும் அந்தச் சத்தத்தில் இருந்தது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது மனிதருக்கு. இன்ஸ்பெக்டருக்கு ஏகத் திருப்தி. “இதுதான் ஊசி போட்ட கை. பார்த்துக்கொள்ளுங்கள்” என்று கம்பவுண்டரிடம் காட்டினார். மாஸ்டர் கையைத் தேய்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. முதலாளி என்னைப் பார்த்து, பரவாயில்லையே என்பதுபோலத் தலையை ஆட்டினார். அது என் சாமர்த்தியம் என்று நினைத்துவிட்டார் போல.

சர்வர்கள் ஆளுக்கொரு “ஆ” போட்டார்கள். கடைசியாக நான்.

இரண்டு ஊசியும் ஒரே இடத்தில் விழுந்த கை. சட்டை பட்டாலே சுருக்கென்று இருக்கும். இன்ஸ்பெக்டர் அமுக்கினார். உச்சந்தலை வரைக்கும் மின்னல் வெட்டியது. நான் வாயைத் திறந்தேன். காக்கித் தொப்பி ஒன்று இவ்வளவு பக்கத்தில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. தொண்டை அடைத்துக்கொண்டது. சத்தம் வரவில்லை.

இன்னொரு தடவை அமுக்கினார். இன்னும் பலமாக. வலியில் கால் விரலெல்லாம் மடங்கியது. வாயிலிருந்து காற்றுக்கூட வரவில்லை.

“இவன் போடவில்லை.”

நான் பதறிப்போய்ச் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினேன். அவசரத்தில் இரண்டும் சேர்ந்து வந்துவிட்டன.

இன்ஸ்பெக்டர் ஒன்றைப் பார்த்தார். மற்றதைப் பார்த்தார். “ஒரு ஆளுக்கு எதற்கு ரெண்டு சீட்டு?”

சொல்ல வேண்டிய பதில் எனக்குத் தெரியும். முதல் ஊசி சரியாக ஏறியிருக்குமோ இல்லையோ என்று பயந்து இரண்டாவது போட்டேன் ஐயா. இதை மனசுக்குள் தெளிவாக, முழுசாகச் சொன்னேன். வெளியே ஒரு எழுத்தும் வரவில்லை.

“ஓகோ, ஊரெல்லாம் சீட்டு சுற்றுகிறதே, அந்தக் கடை இங்கேதான் இருக்கிறதா?” என்றவர் பியூனைப் பார்த்தார். “பலகையைப் போடு.”

பியூன் கடைப் பலகையில் ஒன்றைத் தூக்கிவிட்டான். அப்போதுதான் முதலாளிக்கு அந்த யோசனை வந்தது. ஓடிவந்து கும்பிட்டார்.

“ஐயா, ஐயா, இவரு எங்க கடை ஆளே இல்லீங்க. காப்பி குடிக்க வந்தவரு.”

“கல்லாவில் உட்கார்ந்தா காப்பி குடிப்பார்கள்?”

“கூட்டம் ஐயா. இடம் இல்லாம அங்கன ஏறி உக்காந்துட்டாரு.”

கடையில் அப்போது எங்களைத் தவிர ஒரு ஈ கூட இல்லை. முதலாளி என் பக்கம் திரும்பினார். “காப்பி குடிச்சாச்சுல்லா? கொஞ்சம் கெளம்புங்க அண்ணாச்சி.”

அவர் என்னை மரியாதையாகக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். நான் கல்லாவின் மேலே கிடந்த என் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். எதுத்த கடைக்காரர் பார்க்கிறார். ஆடிச்சுற்று சுற்றுகிற கூட்டம் என்னை இடித்துக்கொண்டு போகிறது. திருவேங்கடம் பஸ் எத்தனை மணிக்கு என்று யோசித்தேன். அந்த பஸ்ஸில் ஏறவும் ஊசிச் சீட்டு வேண்டுமே, இரண்டும் இன்ஸ்பெக்டர் கையில் அல்லவா இருக்கிறது என்று அடுத்த கவலை வந்தது.

அப்போது உள்ளே சாக்குப் படுதா விலகிற்று. மாஸ்டர் வெளியே வந்தார். சாப்பிடுகிற இடத்துக்கு அவர் வந்து யாரும் பார்த்ததில்லை.

“இன்ஸ்பெக்டரய்யா, அந்தப் பய ரெண்டு ஊசி போட்டவன். போடாதவன் நான்.”

“நீ? இப்போதானே கத்தினாய்?”

“வலிச்சுது, கத்துனேன். நேத்து மாவாட்டுனேன்லா. என்னத்துனால வலிக்குதுன்னு நீங்க கேக்கலயே.”

இன்ஸ்பெக்டர் மாஸ்டரின் கையைப் பார்த்தார். படிக்குக் கீழே நிற்கிற என்னைப் பார்த்தார். பிறகு, தான் காலையிலிருந்து அமுக்கிக்கொண்டே வந்த வீதியைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பாவமாக இருக்கிறது.

“வேணும்னா இப்படி வச்சுக்கிடும்,” என்றார் மாஸ்டர், ஆறுதல் சொல்வதுபோல. “அவன் போட்ட ரெண்டுல ஒண்ணு அவனுக்கு, ஒண்ணு எனக்கு. கணக்கு சரியாயிரும்.”

“உடம்புக்குப் போடுகிறதய்யா. கணக்குக்கு இல்லை. நீ போட்டாக வேண்டும். சட்டம்.”

“சட்டம்னு சொன்னீகன்னா நீட்ட மாட்டேன்.” மாஸ்டர் குரல் உயரவில்லை. “அவன உள்ள கூப்பிடும். அந்தப் பலகையக் கீழ வைக்கச் சொல்லும். நானா நீட்டுதேன்.”

“நீயாக நீட்டினால் என்ன, சட்டத்துக்காக நீட்டினால் என்ன? ஊசி ஒன்றுதானே?”

“உமக்கு ஒண்ணுதான். எனக்கு ரெண்டு.”

இன்ஸ்பெக்டருக்கு இன்னும் பாதி வீதி பாக்கி. சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. கம்பவுண்டரைப் பார்த்துத் தலையை அசைத்தார். மாஸ்டர் வலது கையை நீட்டினார். ஊசி இறங்கும்போது ஒரு சத்தமும் போடவில்லை. இன்ஸ்பெக்டர் அதையும் கவனித்தார்.

முதலாளி வாசலுக்கு வந்தார். “ஏலே, என்னலே தெருவுல நின்னு வேடிக்க பாக்க? கல்லாவுல ஏறு.”

அந்த ‘ஏலே’ காதில் விழுந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மூச்சோடு குரலும் வந்தது. குரல் வந்ததும் முதலில் நான் கேட்டது என்ன என்பதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். “ஐயா, எனக்கும் இன்னொண்ணு போட்டுருங்க” என்றேன். இவ்வளவு பெரிய ஆபீசரே போடவில்லை என்று சொல்கிறார். அப்படியானால் அந்த இரண்டும் நிஜமாகவே ஏறாமல் இருந்திருந்தால்? கம்பவுண்டர் வேண்டாம், காய்ச்சல் வரும் என்றார். நான் விடவில்லை. அதே கையில் மூன்றாவது விழுந்தது.

இன்ஸ்பெக்டர் அடுத்த கடைக்குப் போனார். வேறு வழி அவருக்கும் இல்லை போல. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து “ஆ” என்று கேட்டது. அதற்கடுத்த கடையில் “ஆ”. வீதி முனை வரைக்கும் “ஆ”, “ஆ” என்று கேட்டுக்கொண்டே போயிற்று. ஊரே ஒழுங்காக ஊசி போட்டிருந்தது.

பத்து மணிக்குள் மாஸ்டரின் வலது கை மரமாகிவிட்டது. இடது கையோ ஏற்கெனவே மாவாட்டின கை. வடை திருப்ப மட்டும் ஆயிற்று. சட்டியை நகர்த்த, மாவுப் பாத்திரத்தைத் தூக்க, தட்டை ஏந்த ஆள் இல்லை. முதலாளி கல்லாவில் ஏறிக்கொண்டு என்னை உள்ளே தள்ளினார். கொதிக்கிற எண்ணெய்க்குப் பக்கத்தில் நான் அதுவரை போனதில்லை. என் இடது கை விறைத்துக் கிடந்தது. வலது கை மட்டும் மிச்சம். அவர் இடது கையால் தட்டிப் போடுவார், நான் வலது கையால் தட்டை ஏந்துவேன். பாத்திரத்தை நகர்த்த வேண்டுமென்றால் அவர் ஒரு காதைப் பிடிப்பார், நான் ஒரு காதைப் பிடிப்பேன். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு மாஸ்டர்.

“தள்ளி நில்லுலே, எண்ணெ தெறிக்கும்.”

“தெறிச்சிட்டு அண்ணாச்சி.”

“செத்தா போயிட்ட?”

“இன்னும் இல்ல.”

சாயங்காலம் கடை காலியாயிற்று. சனமெல்லாம் அம்மனுக்குச் சாமி காட்சி கொடுக்கிற இடத்துக்கு ஓடிவிட்டது. நாங்கள் வாசல் வரைக்கும் வந்து நின்றோம். எனக்குக் காய்ச்சலில் மேலெல்லாம் அனலாய்க் கொதித்தது. வெள்ளாமை விளைந்தவர்கள் அம்மனுக்கு வீசுகிற பருத்தியும் மிளகாய் வற்றலும் தூரத்தில் சனத்தின் தலைக்கு மேலே பறந்தன. எல்லோரும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்கள். மாஸ்டருக்கு வலது கை ஏறவில்லை. எனக்கு இடது கை ஏறவில்லை. ஒத்தைக் கையில் கும்பிட்டால் குற்றமாகுமோ என்று பயந்து அவரிடம் கேட்டேன்.

“அம்மனே ஒத்தக் காலுலதான நிக்கா,” என்றார். “நாம ஒத்தக் கையில கும்பிட்டா என்னவாம்?” என்று இடது கையைத் தூக்கினார். வீதியில், எல்லோரும் பார்க்க.

அந்த வருஷம் எங்கள் ஊரில் அந்தச் சீக்கு வரவில்லை. ஊசியால்தான் என்று இன்ஸ்பெக்டர் மேலே எழுதினாராம். கிணற்று மருந்தால் என்று பஞ்சாயத்து போர்டு சொல்லிற்று. அம்மன் காத்தாள் என்று கோயிலில் சொன்னார்கள். முதலாளி, ‘இங்கு அனைவரும் ஊசி போட்டவர்கள்’ என்று ஒரு போர்டு எழுதி மாட்டினார். எதிர்க் கடைச் சனத்தையெல்லாம் அது இழுத்து வந்தது. எழுதிக் கொடுத்தவன் நான். அந்தச் சீக்கு ஏன் வரவில்லை என்று மாஸ்டரிடம் கேட்டதற்கு, “நான் கைய நீட்டுனேன்லா, அந்த நன்றிக்கு வராமப் போயிருக்கும்” என்றார்.

அடுத்த ஆடியில் நான் முன்ஜாக்கிரதையாக இருந்தேன். ஊசி போட்டுக்கொண்டேன். ஆள் இல்லாத நேரத்தில், கிணற்றடியில் நின்று, என் கையை நானே அமுக்கிக்கொண்டு கத்திப் பழகினேன். பத்து நாளில் நல்ல சத்தம் வந்துவிட்டது. தபசு அன்றைக்குக் காலையில் வந்தவர் வேறு இன்ஸ்பெக்டர். பழையவரை எங்கேயோ மாற்றிவிட்டார்களாம். இவர் கல்லாவுக்கு முன்னால் வந்து நின்று, “சீட்டு?” என்று கையை நீட்டினார்.

அவர் என்னைத் தொடக்கூட இல்லை. நான் “எம்மா!” என்று கத்தினேன்.

“என்னய்யா, பல்வலியா?” என்றார் அவர்.

உள்ளே சாக்குப் படுதாவுக்குப் பின்னால் மாஸ்டர் சிரிக்கிற சத்தம் கேட்டது.